மெஷினை நிறுத்திய தம்பிக்கும் மற்ற எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத மலாயாத் தோட்டத்து ஆள் ஒருவரின் குடும்பத்தைப் பற்றிய நம் படம் நேற்று ஓடிவிட்டது. முழுசாக, ஒலியோடு, எங்கேயும் நிற்காமல். இன்னும் எனக்கே சரியாக நம்பிக்கை வரவில்லை. இடையில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் என்னோடு சேர்ந்து அதில் மாட்டிக்கொண்டவர்கள்தான். அந்தக் கதையை மறுபடி கிளற வேண்டாம். நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். பணத்தைக் கையில் திணித்துவிட்டு "கணக்கெல்லாம் அப்புறம்" என்று போனவர்கள், கேமராவைச் சும்மா கொடுத்த நண்பர், கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்ட தலைவர், விடியற்காலையில் நாசி லெமாக் கட்டிக் கொண்டுவந்த அக்காமார், ஜப்பான்காரன் காலத்துச் சட்டை எப்படி இருக்கும் என்று தன் அப்பாவின் பழைய புகைப்படத்தைப் பார்த்துத் தைத்துக் கொடுத்த தையல்காரர், பழைய தோட்டத்துப் பேச்சில் எங்கள் வசனத்தைத் திருத்தித் தந்த, தோட்டத்து எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற கிராணியார், எல்லாருக்கும் நன்றி. "பெரட்டுக்களத்தில் யாரும் இப்படி நீட்டி முழக்கிப் பேச மாட்டான், அம்மா" என்று, காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் அந்தக் களத்தைச் சொல்லி அவர் வெட்டித் தள்ளிய வசனங்களுக்குத் தனி நன்றி. நேற்று கைத்தட்டல் வாங்கிய இடங்களில் பாதி, அவர் வெட்டியதால் மிஞ்சிய மௌனங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, ஒலிப்பதிவுக் குழுவில் ஒரு வரி வந்தது: "செம்பனைக் காட்டில் புல்வெட்டும் மெஷினை நிறுத்தியவர்." பெயர் இல்லை. தட்டச்சுப் பிழை என்று சிலர் நினைத்தார்கள், விளையாட்டு என்று சிலர் சிரித்தார்கள். இரண்டும் இல்லை. இந்த மடலே பெரும்பாலும் அந்த ஒரு வரிக்காகத்தான்.

குடும்ப ரகசியம் வெளியே வருகிற படங்களில் வழக்கமாக ஒரு பெட்டி இருக்கும். பேத்தி பரணில் ஏறுவாள், தூசி தட்டுவாள், கடிதக் கட்டு கிடைக்கும், எல்லாம் புரிந்துவிடும். நம் கதையில் பெட்டிக்கு வழியே இல்லை. கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கியவர்கள் யாருக்குக் கடிதம் எழுதுவார்கள்? போனவன் எழுதவில்லை, இருந்தவளுக்குப் படிக்கத் தெரியாது. பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் பெயரே பொய். ஆகவே உண்மை வெளியே வர ஒரே வழி, ஆயாவின் வாய். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்து ஆயா பேத்தியிடம் சொல்கிறாளே, "நீ மாலை போட்டுக் கும்பிடுற படம் உன் தாத்தா இல்ல. அவர் உங்க அப்பனை வளர்த்தவர். பெத்தவன் சயாமுக்குப் போனான்" என்று, அந்தக் காட்சிதான் படம். அது விழுந்தால் மீதி எல்லாம் வெறும் அலங்காரம்.

அந்தக் காட்சியை ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டியிருந்தது. ஆயாவாக நடித்த அம்மாவுக்கு மூச்சு வாங்கும், மறுபடி ஸ்டுடியோவில் உட்கார வைத்துப் பேசச் சொல்கிற நிலை இல்லை. லயத்தில் எங்களுக்கு அனுமதி அன்று மாலை வரைதான். அம்மா முகம் துடைத்து உட்கார்ந்ததும், பின்னால் செம்பனை மரங்களுக்குள் புல்வெட்டும் மெஷின் கிளம்பியது. ஒன்றல்ல, எங்கெங்கிருந்தோ இரண்டு மூன்று. ஒலிப்பதிவு செய்கிற தம்பி காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

மரங்களுக்குள் நடந்தேன். தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு, முகத்தில் துணி சுற்றிய ஒரு வங்காளதேசத்துத் தம்பி. எனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொல்லி, கொஞ்சம் பணத்தை நீட்டினேன். வெட்டுகிற பரப்புக்குத்தான் அவருக்குக் கூலி. நிறுத்தி உட்கார்ந்தால் அன்றைய வரும்படி போயிற்று. அவர் பணத்தைப் பார்க்கவே இல்லை. லயத்துப் பக்கம் கையைக் காட்டி, "அந்த நெனெக் (பாட்டி) பேசப் போகிறாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "போலே, காக்" (சரி, அக்கா) என்று மெஷினை அணைத்தார்.

அதோடு விட்டிருந்தாலே பெரிய காரியம். அவர் மற்ற வரிசைகளுக்குள் நடந்து போய், அங்கே வெட்டிக்கொண்டிருந்தவர்களிடமும் ஏதோ சொன்னார். ஒவ்வொன்றாகச் சத்தம் நின்றது. அப்புறம் மண்சாலை முனையில் போய் நின்றுகொண்டு, வந்த மோட்டார் சைக்கிள்களைக் கையைக் காட்டி நிறுத்தினார். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வந்தால் அவர் பாடு என்ன ஆகும் என்று எனக்கு அடிவயிற்றில் கலக்கம். அவரிடம் அந்தக் கவலை தெரியவில்லை. நேற்று நீங்கள் கேட்ட காற்று, ஓலை உரசல், ஆயா பேச்சுக்கு நடுவே எச்சில் விழுங்குகிற சின்னச் சத்தம், எல்லாம் அந்த மதியம் அவர் கொடுத்தது.

காட்சி முடிந்ததும் அவரே வந்தார். தமிழ் புரியாது, ஆனால் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். "கணவர் திரும்பி வந்தாரா?" என்றார். இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போது ஃபோன் இல்லை" என்றார். சரி, வேலை கிடக்கிறது என்பது போலத் தலையாட்டிவிட்டு மெஷினை எடுத்துக்கொண்டு போனார். படத்தில் பெயர் போடுகிறோம் என்று பின்னாலேயே ஓடிப் போய்க் கேட்டேன். வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்கவில்லை. இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

நேற்று படம் முடிந்ததும் ஒரு கல்லூரிப் பெண் என்னிடம் வந்து, "அக்கா, இது நிஜமா நடந்ததா?" என்று கேட்டாள். அவளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1942இல் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். சயாமில் பான் போங்கிலிருந்து பர்மாவில் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரண்டு பக்கமும் இணைந்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்து, 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மலாயா, ஜாவா, பர்மா, சயாம் பகுதிகளிலிருந்து கொண்டுபோன தொழிலாளர்களில் 80,000 முதல் 1,00,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையத்தின் மதிப்பீடு. கைதிகளின் சாவில் கணக்கு கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது. தொழிலாளர்கள் சாவில் கணக்கே 20,000 பேர் கூடக் குறைய இருக்கிறது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளுக்காக 6,900க்கு மேற்பட்ட கல்லறைகள் புல் வெட்டி, பூச்செடி வைத்து வரிசையாக இருக்கின்றன. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும் பகுதி ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். காலராவில் விழுந்தவர்களை அங்கங்கே குழியில் போட்டு மூடினார்கள்.

அதனால்தான் வீடுகளில் இது ரகசியமானது. சாவுச் செய்தி வந்தால் அழுது முடித்துத் திதி கொடுக்கலாம். செய்தியே வராதவள் என்ன செய்வாள்? தாலியைக் கழற்றுவதா, வேண்டாமா? எந்த நாளில் படையல் வைப்பது? பிள்ளைக்குச் சோறு வேண்டும், பக்கத்து லயத்துக்காரர் நல்ல மனுஷர், சரி என்று சேர்ந்து வாழ ஆரம்பிக்கிறாள். போனவன் ஒருநாள் வந்து நின்றாலோ என்கிற பயம் மட்டும் சாகும்வரை போகாது. சில வீடுகளில் உண்மையாகவே வந்தும் நின்றார்கள். இதை வெட்கம் என்று நினைத்துத்தான் நம் ஆயாக்கள் வாயைக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு இதில் வெட்கப்பட ஒன்றும் தெரியவில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் ஊர்களில் இலவசப் படம் என்று அறிவித்து, கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே சயாமுக்கு அனுப்பியதும் நடந்திருக்கிறது. கைதியாக இருந்த ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நேற்று "அனுமதி இலவசம்" என்று நாங்கள் வாசலில் ஒட்டியதைப் பார்த்து ஒரு பெரியவர், "கதவைத் திறந்தே வைங்க, அம்மா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கடைசி வரை கதவோரத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அதனால் அடுத்த காட்சி மண்டபத்தில் இல்லை. மழை விட்டதும் அந்தத் தோட்டத்துக்கே போகிறோம். முன்பு மாதம் ஒரு தடவை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்களே, அதே மாதிரி. நம் ஆட்கள் யாரும் அங்கே இப்போது இல்லை. லயத்தில் இருப்பவர்கள் வங்காளதேசத்துக்காரர்கள், இந்தோனேசியர்கள், நேப்பாளிகள். அவர்களுக்குத்தான் காட்டப் போகிறோம். ஆயா என்ன சொன்னாள் என்பது மெஷினை நிறுத்திய அந்தத் தம்பிக்கு இன்னும் தெரியாது. அவர் அங்கே இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். நிர்வாகத்திடம் அனுமதி வாங்குவதை கிராணியார் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். துணியும் ஜெனரேட்டரும் இருக்கின்றன. ஜெனரேட்டரைத் தள்ளி வைக்க நீள வயர் வேண்டும். வங்காள மொழியில் சப்டைட்டில் எழுதித் தரக்கூடியவர் உங்களில் யாருக்காவது தெரிந்தால், இந்த வாரத்துக்குள் எனக்குச் சொல்லுங்கள்.