கணித ஆசிரியர் எப்போது வருவார்?

பத்திரிகை ஆசிரியருக்கு,

என் மகள் யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு சிறிய பாடசாலையில் பத்தாம் தரம் படிக்கிறாள். நேற்றிரவு அவளுடைய கணிதக் கொப்பியைப் புரட்டினேன். இந்தத் தவணை முழுவதும் எழுதியது ஏழே பக்கம். படிப்பித்தவர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். பதிலுக்கு எவரும் வரவில்லை.

போனவரை நான் குறை சொல்லமாட்டேன். இருட்டோடு எழும்பி, யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, குறிகட்டுவானில் படகு பிடித்து வந்தவர். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. எத்தனை வருடம் ஒரு மனிதரால் இப்படி ஓட முடியும்?

நகரத்துப் பிள்ளை வகுப்பில் விட்டதைத் தனியார் வகுப்பில் பிடித்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு மாலைப் படகு போனால் எல்லாம் போச்சு. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாவிட்டால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவை நினைத்தும் பார்க்க முடியாது. 1945 இல் தொடங்கிய இலவசக் கல்வி இந்தப் பிள்ளைகளுக்கும் உரியதுதானே?

கல்வி அதிகாரிகளே, பதில் ஆசிரியர் பொறுப்பேற்கும்வரை எவரையும் இடமாற்றத்தில் விடுவிக்காதீர்கள். வருபவருக்குத் தண்ணீரும் மின்சாரமும் உள்ள விடுதி கொடுங்கள். தீவில் செய்த சேவையைப் பதவி உயர்விலும் அடுத்த இடமாற்றத்திலும் கணக்கில் எடுங்கள். மூன்றாம் தவணை தொடங்குமுன் ஒருவரையாவது அனுப்புங்கள்.

தாய் ஒருவர்,
தீவகம், யாழ்ப்பாணம்