ஓடு வேய்ந்தது போல் பட்டா

லெக்சிங்டன், கென்டக்கி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சித்திக்கு மூட்டுவலி குறைந்ததா?

சங்கிலி பிடித்து நிலம் அளந்த உங்களுக்கு இந்த ஊர்ப் பத்திரங்களைக் காட்ட வேண்டும். சர்வே எண் கிடையாது. ‘ஓடைக்கரை வெள்ளை ஓக் மரத்திலிருந்து வடக்குக்குக் கிழக்கே 40 பாகை, 60 கோல்’ என்கிற மாதிரிதான் எல்லை ஓடும். கோல் 16½ அடி, அதாவது நம் பழைய புலப்படக் கணக்கில் 25 லிங்க். 100 லிங்க் கொண்ட 66 அடி கன்டர் சங்கிலிதான் இரண்டு இடத்திலும்.

இங்கே நிலப் பத்திரங்கள் குழம்பிப்போனதன் வேர் 1760, 70-களில் இருக்கிறது. 1768-இல் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் ஒஹையோ ஆற்றுக்குத் தெற்கே உள்ள நிலத்தைப் பிரிட்டிஷாருக்கு எழுதிக்கொடுத்தவர்கள் இரோகுவா பழங்குடிகள். அங்கே வேட்டையாடி வாழ்ந்த ஷானி பழங்குடிகளை யாரும் கேட்கவில்லை. 1775-இல் ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்ற நில வியாபாரி 10,000 பவுன் மதிப்புச் சரக்கைக் கொடுத்து, செரோக்கீ பழங்குடித் தலைவர்களிடம் சுமார் 2 கோடி ஏக்கர் வாங்கினார். அதை, அப்போது கென்டக்கியைத் தன் பகுதியாக வைத்திருந்த வர்ஜீனியா 1778-இல் செல்லாது என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் ஷானிகள் குடியேறிகளின் பூன்ஸ்பரோ கோட்டையை முற்றுகையிட்டு, ஆற்றங்கரையிலிருந்து சுரங்கம் தோண்டினார்கள். மழையில் அது இடிந்து விழுந்தது. காடு இப்படிக் கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் நில அளவையும் நடந்தது.

வர்ஜீனியாவின் 1779 சட்டப்படி, 1778 ஜனவரி 1-க்கு முன் குடியேறி ஓராண்டு தங்கியவருக்கோ ஒரு போகம் சோளம் விளைவித்தவருக்கோ 400 ஏக்கர் உரிமை. அதை ஒட்டி 1,000 ஏக்கர் வரை மற்றவருக்கு முன்பாக விலைக்கு வாங்கலாம். மற்றவர்கள் 100 ஏக்கருக்கு 40 பவுன் கட்டி வாரண்ட், அதாவது நிலம் கோரும் சீட்டு, வாங்க வேண்டும். அதுவும் மதிப்பிழந்த காகிதப் பணத்தில். பிறகு சர்வேயரின் புத்தகத்தில் ‘இன்ன இடம்’ என்று பதிவு, அப்புறம் அளவை, கடைசியில் பட்டா.

கோளாறு அந்தப் பதிவில்தான். அடுத்தவன் படித்து இடத்தைக் கண்டுபிடிக்கும்படி துல்லியமாக எழுத வேண்டும் என்றது சட்டம். எழுதியவர்களோ பெயர் இல்லாத ஓடையையும் ஊற்றையும் அடையாளம் சொன்னார்கள். நம்மூரில் முதலில் அளந்து கல் நட்டு, பிறகு பட்டா. இங்கே அரசு அளக்காமலே வாரண்டை விற்றுத் தள்ளியது. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேடு பள்ளத்தில் சங்கிலியைச் சரிவாகவே இழுத்து அவசரமாக அளந்தால் கணக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மூலை மரம் பட்டுப்போகும். திசைகாட்டியின் காந்த வடக்கும் சில பத்தாண்டுகளில் நகர்ந்துவிடும். கூரையில் ஓடு வேய்ந்தது போல் ஒரே நிலத்தின் மேல் மூன்று நான்கு பட்டா ஏறின.

கென்டக்கிக்கு வழி வெட்டிய டேனியல் பூன்கூட நிலத்தை இழந்து 1799-இல் மிசௌரி போய்விட்டார். ஆபிரகாம் லிங்கனின் அப்பா 1816-இல் ஒஹையோ ஆற்றைத் தாண்டி இண்டியானா போனதற்கும் முக்கியக் காரணம் நிலப் பத்திரத் தகராறு என்று மகனே பின்னாளில் எழுதியிருக்கிறார். அக்கரையில் 1785 சட்டப்படி முதலில் அளவை. 6 மைல் சதுரம், அதில் 36 பிரிவு, ஒவ்வொன்றும் 640 ஏக்கர், 16-ஆவது பிரிவு பள்ளிக்கூடத்துக்கு. அந்தச் சதுரங்களும் ஷானிகள், மயாமிகளின் நிலத்தில் போட்டவைதான். 1794-இல் ஃபாலன் டிம்பர்ஸ் போரில் தோற்றபின் அவர்களில் பலர் நிலத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டியதாயிற்று.

தாத்தா காலத்துப் புலப்படம் இன்னும் பெட்டியில் இருந்தால், லிங்க் அளவு தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்