வாசிப்பு வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வந்தன: சுதந்திர சிந்தனையாளர் என்றாலே நாத்திகர்தானா? அல்ல. நாத்திகம் என்பது கடவுள் இல்லை என்ற முடிவு. சுதந்திர சிந்தனையோ ஒருவர் எந்த முடிவுக்கும் வந்து சேரும் வழி. நூலோ குருவோ சொன்னதாலேயே ஒன்றை ஏற்காமல் சான்று கேட்பது அது.

மத நூல்களைக் கேள்விக்கு உட்படுத்திய ஆங்கிலேய எழுத்தாளர் தாமஸ் பெயினை விரிவாகப் படித்தோம். 1794இல் வந்த 'ஏஜ் ஆஃப் ரீசன்' நூலின் தொடக்கத்திலேயே, தமக்கு ஒரு கடவுளில் நம்பிக்கை உண்டு என்று எழுதுகிறார். அதே பெயின், இரண்டாம் பாகத்தில், மோசே எழுதியதாக மரபு சொல்லும் பைபிள் நூலான உபாகமத்தின் 34ஆம் அதிகாரத்தை எடுத்துவைக்கிறார். மோசே இறந்ததும் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கே வருகின்றன. அவரது கல்லறை இந்நாள்வரை எவருக்கும் தெரியாது என்றும் இருக்கிறது. அப்படியானால் இதை மோசேயே எழுதியிருக்க முடியுமா என்பது பெயினின் கேள்வி. கடவுளை நம்பியவர் கேட்ட கேள்வி இது.

வேதச் சடங்குகளுக்குப் பொருள் ஆராய்ந்த தத்துவ மரபினரான மீமாம்சகர் இதற்கு நேர் எதிர். உலகைப் படைத்த ஈசன் ஒருவன் உண்டென்பதை அவர்களுள் ஒருவரான குமாரில பட்டர் தமது சுலோகவார்த்திகம் என்ற நூலில் மறுத்தார். வேதமே பிரமாணம், அதாவது நம்பத்தக்க ஆதாரம், என்பதை மட்டும் விடவில்லை. மனுஸ்மிருதி 2:11 நாத்திகன் என்று சொல்வது வேதத்தை இகழ்பவனைத்தான். எனவே படைப்புக் கடவுளை மறுத்தும் இவர்கள் ஆத்திகர் வரிசையிலேயே இருந்தார்கள். இந்த இடம் பலருக்கும் புதிது; இரண்டு கூட்டங்கள் இதற்கே போயின.

பயிற்சிக்கு ஒவ்வொருவரும் தாம் உறுதியாக நம்பும் ஒன்றைத் தாளில் எழுதி, கீழே மூன்று வரி சேர்க்க வேண்டும்: யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், எந்தச் சான்று கிடைத்தால் இதைக் கைவிடுவேன். மூன்றாவது வரிதான் காலியாக நிற்கிறது, ஆத்திகரின் தாளிலும் நாத்திகரின் தாளிலும். "பெரியார் சொன்னார்" என்பதோடு முதல் வரியிலேயே நின்றுவிடுவோரும் உண்டு. தாம் சொல்வதை அப்படியே நம்பாமல் சொந்த அறிவால் ஆராயச் சொன்னவர் அவர் என்பதை ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

வரும் ஆண்டில், 1882 முதல் சுதந்திர சிந்தனையாளர் அமைப்பான சென்னை லௌகிக சங்கத்தார் நடத்திய 'தத்துவ விவேசினி' இதழ்க் கட்டுரைகளை இதே மூன்று வரிகளைக் கொண்டு வாசிக்கலாம் என்று முன்மொழிகிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்