வண்டி என் பொறுப்பு இல்லை

நாகர்கோவில்

அன்புள்ள தாஸ்,

இங்கே எல்லோரும் சுகம். கடிதம் போட்டு ரொம்ப நாளாயிற்று என்று உன் மைனியிடம் போனில் புலம்பினாயாம். எழுத விஷயம் வேண்டாமா? இப்போது இருக்கிறது. உட்கார்ந்து படி.

நான் விமானத்தில் ஏறிவிட்டேன், மக்கா. திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு. திரும்பி வந்ததும் விமானத்தில்தான். நீ நம்பமாட்டாய் என்று உன் மைனி இரண்டு போர்டிங் பாஸையும் பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரி. ஹிம்சாகர் ரயிலில் மூன்று நாள் டெல்லிக்குப் போய், கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கிற ஆட்களோடு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தவன்தானே நான். அப்போதெல்லாம் நீ அந்தக் கால்பந்துக்காரன் பெர்க்காம்பைச் சொல்லி எனக்கு ஆறுதல் சொல்வாய். 'அவ்வளவு பெரிய ஆட்டக்காரனே விமானம் ஏறமாட்டான், ஆர்சனல் வெளிநாட்டில் ஆடினால் காரில் போவான், இல்லையென்றால் ஆட்டமே வேண்டாமென்று வீட்டில் இருப்பான், நீ எம்மாத்திரம்?' அது ஆறுதலா கிண்டலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

உயரம் எனக்குப் பிரச்சினையே இல்லை. மருந்துவாழ் மலையில் யார் யாருடைய கையைப் பிடித்து ஏற்றினார்கள் என்று உனக்கே தெரியும். என் பயமெல்லாம் போல்ட்டில்தான். ஆயுள் முழுக்க டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிடந்தவனுக்கு, ஒரு வண்டியைப் பார்த்தால் வண்டி தெரியாது. அதைப் பூட்டின ஆள்தான் தெரிவான். விடியற்காலை மூன்று மணி, கண்ணில் தூக்கம், ஸ்டோரில் சரியான சைஸ் இல்லை, கிட்டத்தட்ட அதே அளவில் ஒன்று கையில் கிடைக்கிறது. ஆறு மணிக்கு வண்டி வெளியே போக வேண்டும். அப்புறம் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்லவேண்டாம்.

இப்படி ஆகாயத்திலும் நடந்திருக்கிறது. 1990 ஜூனில் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்குப் போன விமானத்தில், கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே பைலட்டுக்கு முன்னால் இருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கேப்டனின் உடம்பு பாதி வெளியே. உள்ளே இருந்தவர்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க, இன்னொரு பைலட் சவுத்ஹாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்துவிட்டார், யாரும் சாகவில்லை. காரணம் என்ன தெரியுமா? முந்தின நாள் ராத்திரி ஷிப்டில் கண்ணாடி மாற்றியவர் பழைய போல்ட்டை வைத்துக் கண்ணளவில் புதுப் போல்ட் தேடி எடுத்திருக்கிறார். 90 போல்ட்டில் 84 போல்ட் மயிரிழை மெல்லிசு. மீதி நீளம் குறைவு. படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் நின்ற பிளாட்பாரம், அந்த வெளிச்சம், எல்லாம் நான் நின்ற இடம் மாதிரியே இருந்தது.

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்கு அப்புறம் கேட்கவே வேண்டாம். உள்ளே இருந்த 242 பேரில் பிழைத்தது ஒரே ஒருவர். நான் டிவியை அணைக்கவே இல்லை. உன் மைனிதான் ரிமோட்டைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டாள்.

எல்லோரும் கணக்குச் சொல்வார்கள். 2022-ல் நம் நாட்டு ரோட்டில் செத்தவர்கள் 1,68,491 பேர், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 460. இதை எனக்கா சொல்ல வேண்டும்? நசுங்கின வண்டிகளை இழுத்துக்கொண்டு வந்து போட்ட இடமே எங்கள் டிப்போதான். கணக்கு சரி, தாஸ். ஆனால் வயிறு கணக்குப் படிக்கவில்லை. இன்னொரு கூட்டம், குலுங்கினால் ரோட்டில் குழி வந்தது என்று நினைத்துக்கொள்ளச் சொல்லும். குழியில் விழுந்து ஆக்ஸில் முறிந்த பஸ்ஸை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிக் கொடுத்தவனிடம் சொல்கிற ஆறுதலா அது?

சரி, எப்படி ஏறினேன் என்று கேட்பாய். உன் மைனியின் தம்பி மகள் மனநல டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டு வந்திருக்கிறாள் அல்லவா, உன் கல்யாணத்தில் பாயசத்துக்குள் கையை விட்ட அதே பிள்ளை. அவளிடம் போய் ஒரு மாத்திரை எழுதித்தரச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டாள். 1997-ல் வந்த ஓர் ஆய்வைச் சொன்னாள். விமானப் பயம் உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு அல்பிரசோலம் என்கிற பதற்ற மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. முதல் பயணத்தில் அல்பிரசோலம் போட்டவர்களுக்குப் பயம் குறைந்திருந்தது. ஒரு வாரம் கழித்து மாத்திரை இல்லாமல் ஏற்றினால், மற்றவர்களைவிட இவர்கள்தான் அதிகம் நடுங்கியிருக்கிறார்கள். மாத்திரை போட்டால் பயத்தோடு பழக முடியாதாம். நீ எப்போதும் சொல்கிற டூட்டி ஃப்ரீ பாட்டில் வைத்தியத்துக்கும் இதே பதில்தான். உன் பெயரைச் சொல்லித்தான் கேட்டேன்.

அப்புறம் அவள் கேட்டாள்: 'மாமா, பஸ்ஸில் போகும்போது என்ன செய்வீங்க?' நான் சொன்னேன், எஞ்சின் சத்தத்தைக் கேட்பேன், கியர் விழுகிற விதத்தைக் கேட்பேன், பிரேக்கில் காற்று நிற்கிறதா என்று பார்ப்பேன். 'ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் நீங்க டூட்டியிலதான் இருக்கீங்க. அந்த வண்டி உங்க பொறுப்பு இல்லை, மாமா' என்றாள். சின்னப் பிள்ளை. எனக்கு என்னவோ செய்துவிட்டது. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

அவள் சொன்ன மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். பயம் வந்தால் வரட்டும், ஏறுகிற அளவுக்கு ஏறிவிட்டுத் தானே இறங்கும், விரட்டினால்தான் போகாமல் நிற்கும். கைப்பிடியை நெரிக்கக் கூடாது. பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஆபத்தா என்று தெரிந்துகொள்ளக் கூடாது. முக்கியமாக, பயம் போன பிறகு ஏறலாம் என்று காத்திருக்கக் கூடாது.

நான் என் பங்குக்குக் கொஞ்சம் படித்தேன். போல்ட் கதையை அத்தனை விவரமாக எழுதிவைத்திருப்பதே அந்தத் தொழில்காரர்கள்தான் என்று அப்போதுதான் உறைத்தது. எந்த போல்ட், எத்தனை மணி, ஏன் கண் ஏமாந்தது, எல்லாம் அச்சில் இருக்கிறது. நம் டிப்போவில் ஒரு பிரேக்டவுனுக்கு யாராவது அப்படி உட்கார்ந்து எழுதியிருக்கிறார்களா? விமானத்தில் கண்ட்ரோல் சம்பந்தப்பட்ட வேலையென்றால் ஒருவர் பூட்டியதை இன்னொருவர் தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இறக்கைக்கு, பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கு தாங்கும் பலம் வேண்டும். 2001 ஆகஸ்டில் அட்லாண்டிக்குக்கு மேலே ஒரு விமானத்தில் எரிபொருளே தீர்ந்து இரண்டு எஞ்சினும் நின்றுவிட்டது. அதுவும் எஞ்சின் மாற்றும்போது பொருந்தாத பாகத்தைப் பூட்டிய வினைதான். 306 பேரோடு சுமார் 120 கிலோமீட்டர் மிதந்தே போய் அசோர்ஸ் தீவில் இறங்கிவிட்டார்கள். எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழும் என்றுதானே நாம் இருவரும் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தோம்?

திருவனந்தபுரத்து ரன்வேயை வருடத்தில் இரண்டு தடவை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசாமி ஆறாட்டு ஊர்வலத்துக்காகச் சில மணி நேரம் மூடுவார்கள். அந்த நேரமாகப் பார்த்து டிக்கெட் போடு என்றேன். உன் மைனி ஒத்துக்கொள்ளவில்லை.

முந்தின ராத்திரிதான் மோசம். விமானத்தில் பட்டதைவிட மெத்தையில் பட்டதுதான் அதிகம். ஏர்போர்ட்டில் ஒரு டீக்கு வாங்கின காசைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன்.

இறக்கைப் பக்கத்து சீட், குலுக்கம் கம்மி என்பார்கள். கிளம்புவதற்கு முன்னால் காலடியில் யாரோ மரம் அறுக்கிற சத்தம். ஏர்பஸ் 320-ல் அப்படித்தான் வரும், ஒரு ஹைட்ராலிக் லைனிலிருந்து இன்னொன்றுக்கு அழுத்தம் கொடுக்கிற யூனிட் என்று முன்பே படித்திருந்தேன். படித்திருந்தும் உள்ளங்கை நனைந்துவிட்டது. மேலே எழும்பிக் கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் சட்டென்று இறங்கியது பார், உயிரே போய்விட்டது. குறிப்பிட்ட உயரத்தை எட்டியதும் அவர்களே சக்தியைக் குறைப்பதுதான். அதுவும் தெரியும். தெரிந்து என்ன? காது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. அப்போது உன் மைனி கடலை மிட்டாயைப் பிரித்துக்கொண்டே, 'உங்களுக்கு சம்பளம் தருகிறார்களா?' என்றாள். அந்தப் பிள்ளை சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருக்கும் என்று எனக்கு இத்தனை வயதுவரை தெரியாது, மக்கா.

திரும்பும்போது மேகத்துக்குள் நன்றாகவே குலுக்கியது. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு மூச்சை விட்டேன், விட்டேன், விட்டுக்கொண்டே இருந்தேன். பயம் போகவில்லை. இப்போதும் இருக்கிறது, இதை எழுதும்போதே கை வியர்க்கிறது. ஆனால் ஏறிவிடுவேன்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று நீ கேட்க மாட்டாய். உனக்குத் தெரியும். உன் மகன் சொல்லிவிட்டான் லேய். பைபாஸ் என்பதை என்னிடம் மறைத்து 'சின்ன செக்கப்' என்றாயே, அதற்கு நேரில் வந்துதான் உன்னைத் திட்ட வேண்டும். தேதியைத் தள்ளித் தள்ளிப் போடுகிறாயாம். 'இப்போ வலி இல்லை' என்கிறாயாம். இல்லாமல் இருக்கும், அதற்கென்ன? டாக்டர் சொன்ன தேதிக்குப் படு. நான் ஆபரேஷனுக்கு முந்தின நாளே மஸ்கட்டில் இருப்பேன். திருவனந்தபுரத்திலிருந்து நாலு மணி நேரம் போல, முக்கால்வாசி கீழே கடல். அதை நினைத்துத்தான் சென்னைக்குப் போய் ஒத்திகை பார்த்தேன். ஏதோ கல்யாண வீட்டுக்குப் போனேன் என்று நினைத்திருப்பாய், அதெல்லாம் ஒன்றுமில்லை. சென்னையில் ஒரு ராத்திரி தங்கினோம், அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் நான் தேடப்படும் ஆள் மாதிரி இருக்கிறேன். விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று உன் மகனை எனக்கு எழுதச் சொல், நீ எழுதினால் பாதி விட்டுவிடுவாய். முந்திரிக்கொத்து கொண்டு வரலாமா, மட்டிப்பழம் விடுவார்களா என்றும் கேள். நேந்திரங்காய் சிப்ஸ் எடுத்து வருகிறேன். எண்ணெய்ப் பண்டம் உனக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லுவார். நான் சாப்பிடுவேன், நீ பார்த்துக்கொண்டிரு.

உன்,
பெர்க்காம்ப்