பைலின் புயலும் இரண்டு வேகக் கணக்குகளும்

அன்புள்ள சுந்தரம் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்தது. கடிதத்தின் முடிவில் நீங்கள் கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். 2013 அக்டோபரில் ஒடிசாவின் கோபால்பூர் அருகே கரையைக் கடந்த பைலின் புயலின் உச்சக் காற்று வேகத்தை நம் வானிலைத் துறை மணிக்குச் சுமார் 215 கி.மீ. என்றது, ஹவாயிலுள்ள அமெரிக்கக் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையமோ 260 கி.மீ. என்றது. இரண்டில் எது மெய் என்கிறீர்கள்.

நடுக்கடலில் அதைக் கருவி வைத்து அளந்தவர் எவருமில்லை. அட்லாண்டிக்கில் விமானங்கள் புயலுக்குள்ளேயே சென்று அளந்து வருவது வழக்கம். வங்கக் கடலில் அந்த வழக்கம் இல்லாததால், இரு தரப்பாரும் செயற்கைக்கோள் படத்தில் மேகங்கள் அமைந்திருந்த விதத்தைக் கொண்டே வேகத்தைக் கணித்தார்கள். அமெரிக்க வானிலையாளர் வெர்னன் டுவோராக் 1970களில் வகுத்த முறை அது. புயல் வலுக்க வலுக்க அதன் மேகக் கோலம் ஓர் ஒழுங்கில் மாறுகிறது என்பதே அதன் அடிப்படை. முதலில் வளைந்த மேகப் பட்டை மையத்தை எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது என்று பார்ப்பார்கள். புயலின் நடுவே மேகமற்ற வட்டமான 'கண்' திறந்த பிறகு அகச்சிவப்புப் படத்தில் கண்ணின் வெப்பத்தையும், அதைச் சூழ்ந்த மேக உச்சிகளின் குளிரையும் ஒப்பிடுவார்கள். கண்ணுக்குள் காற்று கீழிறங்கிச் சூடாகிறது. சுற்றிலும் மேகம் மிக உயரத்துக்கு எழுவதால் அதன் உச்சி பூஜ்யத்துக்குக் கீழே 70, 80 டிகிரி வரை குளிர்ந்துவிடுகிறது. இந்த வேறுபாடு கூடி, குளிர் வளையமும் அகலமாக, அறுபடாமல் இருந்தால் புயலுக்குத் தரும் 'டி எண்' உயரும்.

எண் 1 முதல் 8 வரை, அரை அரையாக ஏறும். அட்டவணைப்படி டி2-க்கு 30 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.), டி3-க்கு 45 நாட்; இடைவெளி 15 நாட் மட்டுமே. மேலே போனால் டி6-க்கு 115, டி7-க்கு 140 என்று அது 25 நாட் ஆகிவிடுகிறது. பைலினுக்குச் சொல்லப்பட்ட இரண்டு வேகங்களும் ஏறக்குறைய இந்த டி6, டி7 தாம். நம்மவர் 3 நிமிடச் சராசரியையும் அவர்கள் 1 நிமிடச் சராசரியையும் கணக்கிடுவது வேறுபாட்டில் சிறு பங்குதான். மீதியெல்லாம், ஒரே மேக வளையத்தைப் பார்க்கும் இரண்டு தேர்ந்த கண்கள் ஓர் எண் தள்ளி நிற்பதால் வருவது. ஆகவே எந்தப் பக்கமும் பொய் சொல்லவில்லை என்பதே என் எண்ணம். செய்தித்தாள்கள் அந்த எண்ணை அளந்து எழுதியதைப் போல அச்சிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. புயல் தளரும்போது மேகம் முதலில் கலைந்துவிடும். காற்று உடனே தணியாது. அதனால் படம் சோர்ந்து தெரிந்தாலும் ஏறக்குறைய 12 மணி நேரத்துக்கு வேகத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது என்று டுவோராக் கட்டுப்பாடு வைத்தார். அடுத்த புயலின்போது நம் இன்சாட் செயற்கைக்கோள் படங்களை மூன்று மணிக்கொரு முறை எடுத்து வைத்துப் பாருங்கள். நீங்கள் என்ன எண் தருகிறீர்கள் என்று எழுதுங்கள், நானும் என் கணக்கை அனுப்புகிறேன்.

அன்புடன்,
வேலாயுதம்