பிரையன் ஃபாரல் கட்டுரைக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். அயர்லாந்துத் தொலைக்காட்சியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரசியல், நடப்பு விவகார நிகழ்ச்சிகளை நடத்திய பிரையன் ஃபாரலைப் பற்றி நான் தமிழில் எழுதிவந்த நீண்ட கட்டுரை இப்போது நிறைவுற்றிருக்கிறது. கேள்வி கேட்க அமர்பவர், பதில் சொல்ல வருபவரைவிட அந்தப் பொருளைக் குறைவாகப் படித்திருக்கக் கூடாது என்பதைத் தம் பணிக்காலம் முழுவதும் செய்து காட்டியவர் அவர். அதனால்தான் அவரைத் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டும் என்று விரும்பினேன். அந்த விருப்பம் எழுத்தாவதற்குப் பலர் உதவினார்கள். தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால், அவர்கள் செய்ததை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதல் நன்றி, டப்ளினில் நான் நாடோறும் சென்று அமர்ந்த நூலகத்தின் பணியாளர்களுக்கு. ஃபாரல் 1929இல் மான்செஸ்டரில் பிறந்து, டப்ளினில் வளர்ந்து, அங்குள்ள பல்கலைக்கழகக் கல்லூரியில் அரசியல் கற்பித்தவர். ஆசிரியப் பணியை விடாமலேயே 1960களின் தொடக்கத்தில் தொலைக்காட்சிக்கு வந்தார். அயர்லாந்தின் தேசியத் தொலைக்காட்சியே 1961 டிசம்பர் 31ஆம் நாள் இரவில்தான் தொடங்கியது என்பதால், அவர் ஏறத்தாழ அதனோடு சேர்ந்தே வளர்ந்தார் எனலாம். அக்காலத்து ஒளிநாடாக்கள் விலை உயர்ந்தவை. ஒரு நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் இன்னொன்றைப் பதிந்துகொண்டார்கள். பார்க்கக் கிடைக்காதவற்றுக்கு ஈடாகப் பழைய நாளிதழ்களையும் நிகழ்ச்சி அட்டவணைகளையும் தேடி எடுத்துத் தந்த அந்தப் பணியாளர்கள் இல்லையென்றால், கட்டுரையின் முதற்பகுதியை எழுதியிருக்கவே முடியாது.

ஃபாரலிடம் பயின்ற ஒரு பெரியவர், 1971இல் வெளிவந்த ஃபாரலின் ஆய்வு நூலின் தம் சொந்தப் படியை என்னிடம் கொடுத்து, வேண்டும்வரை வைத்துக்கொள்ளச் சொன்னார். ஓரங்களில் அவர் மாணவப் பருவத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகள் மங்காமல் இருந்தன. டீஷக் எனப்படும் அயர்லாந்துப் பிரதமர், அமைச்சரவைக் கூட்டத்தை நடத்திச் செல்பவர் மட்டுமா, அல்லது ஆணையிட்டு அழைத்துச் செல்பவரா என்பதே அந்நூல் எழுப்பும் கேள்வி. இதை வாசித்த பிறகுதான், வகுப்பறையும் படப்பிடிப்புக் கூடமும் அவருக்கு இரு வேறு தொழில்களாக இருக்கவில்லை என்று உறுதியாக எழுதினேன். ஒரு பதவியின் அதிகாரம் எதுவரை செல்லும் என்று ஏட்டில் ஆராய்ந்தவர், அப்பதவியில் இருப்பவர்களையே எதிரில் அமர்த்தி வினவும் வாய்ப்பையும் பெற்றார். கழுத்தில் கட்டிய 'போ டை' அவருடைய அடையாளமாகிப் போனாலும், எல்லோரும் சொல்லும் அந்த அடையாளத்தைவிட இந்தப் பொருத்தமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எங்கள் தெருவில் வசிக்கும், பல தேர்தல்களில் ஒரு கட்சிக்காக 'டாலிமேன்' ஆக, அதாவது எண்ணும் இடத்தில் வாக்குகளைத் தனியே கணக்கெடுப்பவராகப் பணிபுரிந்த முதியவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. பல பொதுத் தேர்தல்களின் முடிவு ஒளிபரப்பை ஃபாரல் நடத்தினார். அது எவ்வளவு கடினமான பணி என்பது, இங்கே வாக்கு எண்ணும் விதம் புரிந்த பிறகே எனக்கு விளங்கியது. ஒரு தொகுதியில் மூன்று முதல் ஐந்து இடங்கள். வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் இடுவார். வெற்றிக்குத் தேவையான அளவைத் தாண்டியவரின் உபரி வாக்குகளும், கடைசியில் இருப்பவர் நீக்கப்படும்போது அவருடைய வாக்குகளும், அடுத்த விருப்பத்துக்கு மாறிச் செல்லும். இதனால் எண்ணிக்கை சில தொகுதிகளில் நாள்கணக்கில் நீளும். பெட்டிகள் திறக்கப்படும்போதே, தடுப்புக்கு இப்பால் நின்று ஒவ்வொரு சீட்டும் விரிக்கப்படும் கணத்தில் அதன் முதல் எண்ணைக் கண்ணால் பிடித்துத் தாளில் கோடு போட்டுக்கொள்வது டாலிமேன்களின் வேலை. அந்த முதியவர் எங்கள் உணவு மேசையில் பழைய உறைகளைப் பரப்பி அதைச் செய்து காட்டினார். அதிகாரப்பூர்வ அறிவிப்பு வருவதற்கு நெடுநேரம் முன்பே இப்படி வந்து சேரும் கணக்குகளை நம்பலாமா, எந்த அளவுக்கு நம்பலாம் என்று நேரலையில் அமர்ந்து மக்களுக்கு விளக்குவது எளிதன்று. 1977இல் அமைச்சர் ஜேம்ஸ் டல்லி தொகுதி எல்லைகளைத் தம் அரசுக்குச் சாதகமாக அமைத்தார் என்று பேசப்பட்ட நிலையில், எதிர்க்கட்சியான ஃபியானா ஃபால் 148 இடங்களில் 84ஐ வென்ற செய்தியை அந்த முதியவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்.

ஒலிபரப்புத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர், கட்டுரையின் இருண்ட பகுதியை எழுதத் துணைபுரிந்தார். ஃபாரல் முகம் காட்டிய 'செவன் டேஸ்' நிகழ்ச்சி 1969இல் சட்டவிரோதக் கந்துவட்டியைப் பற்றி ஒளிபரப்பியதும், அரசு விசாரணை ஆணையத்தை அமைத்தது. அந்த ஆணையமோ வட்டிக்காரர்களைவிட நிகழ்ச்சியைத் தயாரித்தவர்களையே கடுமையாக ஆராய்ந்தது. அடுத்து, 1971இல் ஒலிபரப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்கீழ் அரசு ஆணை பிறப்பித்தது. அதன் தொடர்ச்சியாக, ஐ.ஆர்.ஏ. ஆயுதக்குழுவின் அரசியல் அணியாகக் கருதப்பட்ட ஷின் ஃபெயின் கட்சியினரின் குரல் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிக்க முடியாமல் போயிற்று. அத்தடை 1994 ஜனவரியில்தான் முடிவுக்கு வந்தது. வட அயர்லாந்தில் உயிர்கள் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில், 'டுடே டுநைட்', 'பிரைம் டைம்' போன்ற நிகழ்ச்சிகளை நடத்தியவர்கள் ஒரு தரப்பு இல்லாமலேயே விவாதிக்க வேண்டியிருந்தது. இது அயர்லாந்து ஒலிபரப்புக்கு நேர்ந்த பெருந்தீங்கு என்பது என் உறுதியான எண்ணம். அம்மையார் இதில் என்னோடு முழுமையாக உடன்படவில்லை. குண்டுகள் வெடித்த நாட்களில் அந்த ஆணைக்கு மக்களிடையே இருந்த ஆதரவையும் நான் மறைக்கக் கூடாது என்று வற்புறுத்தினார். அவர் சொன்னபடியே அப்பத்தியைத் திருத்தி எழுதினேன்.

மதுரையில் அரசியல் அறிவியல் கற்பிக்கும் என் நண்பர் எல்லா வரைவுகளையும் படித்தார். மேலே சொன்ன விருப்ப வரிசை முறையை, அதாவது மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறையை, நம் மாநிலங்களவைத் தேர்தலைக் காட்டி விளக்கச் சொன்னவர் அவரே. நம் அரசியலமைப்பின் அரசு வழிகாட்டு நெறிகள் 1937ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசியலமைப்பைப் பின்பற்றியவை என்பதைச் சேர்க்கச் சொன்னவரும் அவரே. ஐரிஷ் பெயர்களின் ஒலிப்பைப் பொறுமையோடு திருத்திய என் மகளின் ஆசிரியைக்கும், சந்திப்பிழைகளைக் களைந்த தங்கைக்கும், மாலைப்பொழுதுகளை எனக்கு விட்டுக்கொடுத்த என் துணைவிக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

அயர்லாந்தின் முன்னாள் பிரதமர் ஷான் லெமாஸைப் பற்றி ஃபாரல் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் பற்றிய பகுதி இடமின்மையால் சுருங்கிவிட்டது. அதைத் தனியே விரித்தெழுதும்போதும் உங்கள் அனைவரின் கதவையும் தட்டுவேன்.

நன்றியுடனும் அன்புடனும்,
கட்டுரையாசிரியர்,
டப்ளின்.