எலியாசனின் சூரியன் எரிந்த விதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒளி, நீர், பனிக்கட்டி கொண்டு படைப்புகள் செய்யும் கலைஞர் ஓலாஃபுர் எலியாசன் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். 2003இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் அரங்கில் அவர் வைத்த செயற்கைச் சூரியனைப் பார்க்க இருபது லட்சம் பேருக்கு மேல் திரண்டதைச் சொன்ன கட்டுரை, அந்தச் சூரியனை அவர் எப்படிச் செய்தார் என்பதைச் சொல்லாமலே விட்டுவிட்டது. அவருடைய கலையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அங்கே தொங்கியது அரைவட்டம் மட்டும்தான். கூரை முழுக்கக் கண்ணாடி. அதில் தெரிந்த பிம்பம் மீதிப் பாதியாகி, முழு வட்டம் ஆனது. அரைவட்டத் திரைக்குப் பின்னால் ஒற்றை அலைநீள விளக்குகள், அதாவது மஞ்சள் ஒளியை மட்டுமே தருபவை. நம் கல்லூரி ஆய்வகங்களில் சோடியம் விளக்கை வைத்து நியூட்டன் வளையம் என்ற ஒளியியல் பரிசோதனை செய்தவர்களுக்கு இந்த வெளிச்சம் பழக்கம்தான். சோடியம் விளக்கடியில் நோட்டைப் பிரித்தால் சிவப்பு மை, நீல மை எல்லாம் கறுப்பாகத் தெரியுமே, அதே சங்கதி. அந்த அரங்குக்குள் நுழைந்தவர்கள், உடுத்திய துணி என்ன நிறமாக இருந்தாலும், மஞ்சளும் கறுப்புமாகத் தெரிந்தார்கள். தரையில் மல்லாந்து படுத்துக் கூரைக் கண்ணாடியில் தங்களைத் தேடிக் கையசைத்தார்கள். சூரியனுக்கு அடியில் நடந்து அந்தப் பக்கம் போனால் விளக்குகள், வயர்கள் எல்லாம் அப்படியே தெரியும். எதையும் அவர் மூடி மறைக்கவில்லை. சூட்சுமம் தெரிந்த பிறகும் மக்கள் அந்த வெளிச்சத்தில் கிடந்தார்கள் என்பதுதான் என்னை அசர வைக்கிறது.

1993இல் அவர் செய்த ‘பியூட்டி’ என்ற படைப்பு இதைவிட எளிது. இருட்டறை, துளையிட்ட குழாயிலிருந்து இறங்கும் நீர்த்திவலை, ஒரே ஒரு விளக்கு. சரியான இடத்தில் நின்றால் வானவில் தெரியும். நகர்ந்தால் அதுவும் நகரும், அல்லது காணாமல் போகும். பக்கத்தில் நிற்பவர் பார்ப்பது வேறு துளிகளிலிருந்து வரும் வேறு வில். வானவில் கண்ணுக்குத் தெரியும் 42 டிகிரி கோணத்தைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்து காட்டினாலும் மாணவர்களுக்குப் பிடிபடாத விஷயம் இது.

கிரீன்லாந்துப் பனிப்பாளத்திலிருந்து உடைந்து கடலில் மிதந்த 12 பெரிய கட்டிகளை, மினிக் ரோசிங் என்ற புவியியல் அறிஞரோடு சேர்ந்து, 2015இல் பாரிஸ் சதுக்கத்தில் உருக விட்டாரே, அவ்வளவு தூரம் ஐஸைக் கொண்டுவந்தது எரிபொருள் விரயம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அதனால் எவ்வளவு கார்பன் வெளியானது என்ற கணக்கையும் அவர் தரப்பு மறைக்காமல் வெளியிட்டது. வந்தவர்கள் ஐஸில் காதை வைத்து, உள்ளே அடைபட்டிருந்த பழங்காலக் காற்றுக் குமிழிகள் படபடவென்று வெடிப்பதைக் கேட்டார்கள். பூமி சூடாகிப் பனி உருகுவதைப் புள்ளிவிவரம் எதுவும் இப்படி உணர வைக்காது என்பது என் எண்ணம்.

அடுத்த முறை இப்படிப்பட்ட கலைஞர்களைப் பற்றி எழுதும்போது, படைப்பு இயங்கும் விதத்தை ஒரு சின்னக் கோட்டோவியமாகவாவது போடுங்கள். அப்புறம், மாணவர் பகுதியில் ‘பியூட்டி’யின் அமைப்பை வெளியிட முடியுமா? தோட்டத்துக் குழாயும் நல்ல டார்ச் விளக்கும் போதும், பள்ளியிலேயே செய்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
இயற்பியல் ஆசிரியை ஒருவர்,
மதுரை